சொல்லக் கூசும் சங்கதி

(ஆண்டு விழாவையொட்டி அறநிலையத் திருமண மண்டபத்தில் நடைபெற்ற மூத்தோர் ஒன்றுகூடலில், செயலவை உறுப்பினரும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியருமான அன்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வாத்தியார், ஏதாவது நல்ல தலைப்பில் இருபது நிமிடம் பேசுங்கள்" என்று தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டார். ஆண்களின் சிறுநீர்க் கோளாறு பற்றிப் பேசுகிறேன் என்றேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். "கோயில் மண்டபத்தில் இதையா பேசுவது?" என்றார். சரி, யோசிப்போம் என்று பிரிந்துவிட்டோம். மறுநாள் அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "நீங்கள் எந்த டாக்டரிடம் போனீர்கள்?" என்று கேட்டார். அன்றே தலைப்பு முடிவாகிவிட்டது. இதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார், பாருங்கள்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் வேலை செய்தவன். முதலில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டப் பள்ளி, பிறகு கிள்ளான் வட்டாரம். முதலாம் ஆண்டுப் பிள்ளை சுண்டு விரலைத் தூக்கி, "ஐயா, ஒன்றுக்கு!" என்று வகுப்பே கேட்கும்படி கத்துவான். அவனுக்கு வெட்கம் இல்லை. அதே பிள்ளை வளர்ந்து, குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்து, அறுபத்தைந்து வயதில் சிறுநீர் சரியாக இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் மட்டுமல்ல, மனைவியிடம்கூட வாய் திறக்க மாட்டான். இந்த வெட்கத்தினால் ஒருவர் போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டியவன். அந்த இரண்டு கதையையும் சொல்கிறேன்.

முதலில் என் நண்பர் கதை. அவர் பெயர் வேண்டாம். கிள்ளானில் லோரி ஓட்டியவர், எனக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெங்கு கிளானா சாலைப் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்துப் பசியாறுவது எங்கள் வழக்கம். 2022ஆம் ஆண்டில் ஒரு நாள், கடையை விட்டு அஞ்சடிக்கு வந்ததும், "வாத்தியாரே, நேற்று ஒன்றுக்குப் போனபோது சிவப்பாக வந்தது. வலி ஒன்றும் இல்லை" என்றார். முதல் நாள் சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டாராம், அதனால் இருக்குமோ என்று அவரே ஒரு காரணமும் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழமாக இருக்கலாம். இல்லாவிட்டால் உடம்புச் சூடு. நாலு நாளைக்கு இளநீர் குடியுங்கள்" என்றேன். மூன்றாம் நாள் தெளிவாகிவிட்டது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. கடையில் எல்லாரிடமும் "வாத்தியார் வைத்தியம்" என்று பெருமையாகச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

இனி என் கதை. அந்தக் காலத்தில் எனக்கே இரண்டு ஆண்டாகத் தொந்தரவு இருந்தது. இரவில் நாலு முறை எழுந்திருப்பேன். போய் நின்றால் உடனே வராது. வந்தாலும் நூல் போல வரும், நின்று நின்று வரும். முடிந்தது என்று வந்து படுத்தால் மறுபடி அவசரம். வயதானால் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று விட்டுவிட்டேன். ஒருவர் மூலிகைத் தூள் கொடுத்தார், அதையும் கரைத்துக் குடித்தேன். எங்காவது வெளியே போவதென்றால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன். இங்கே எத்தனை பேர் அப்படிச் செய்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

2023ஆம் ஆண்டுத் தைப்பூசம். ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரம் இரவெல்லாம் ஊர்ந்து பத்துமலைக்குப் போகும் அல்லவா? கூட நடப்பது என் நேர்த்தி. அன்று எனக்குச் சளியும் மூக்கடைப்பும். சளி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஜாலான் ஈப்போ தாண்டுவதற்குள் அடிவயிறு கனக்கத் தொடங்கியது. வழியில் ஒரு கழிவறையில் வரிசையில் நின்று உள்ளே போனேன். ஒரு சொட்டு வரவில்லை. இன்னோர் இடம், அங்கேயும் இல்லை. விடியற்காலையில் வயிறு பானை போல் இறுகி, வேர்த்துக் கொட்டி, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் ஆகிவிட்டது. அந்த வலியை நான் வர்ணிக்கப் போவதில்லை. பட்டவர்களுக்குத் தெரியும். கூட வந்த இளைஞர்கள்தாம் காடியில் ஏற்றி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு மலாய்க்கார டாக்டர். பெண்பிள்ளை, என் மகள் வயதுகூட இருக்காது. எனக்கு உயிர் போகிற வலியிலும் வெட்கம் விடவில்லை. வேறு டாக்டர் இல்லையா என்று கேட்டேன். "பாக்சிக், இப்போது நான்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மரத்துப்போகும் மருந்து தடவி, மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தினார். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. நல்ல மனிதனுக்கு 400, 500 மில்லிலிட்டர் சேர்ந்தாலே அவசரமாக வந்துவிடும். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் சற்றுக் கெட்டிருந்தது தெரிந்தது. மூத்திரப்பை நிறைந்து நிறைந்து, நீர் பின்னோக்கித் தள்ளியதால் வந்த சேதம். "ஏன் பாக்சிக் இத்தனை நாள் காத்திருந்தீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டார். முப்பத்திரண்டு ஆண்டு கேள்வி கேட்டே பழகியவன், பதில் தெரியாமல் முழித்தேன்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு விளக்கினார்கள். ஆண்களுக்கு மூத்திரப்பையின் வாயில் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. இளமையில் ஒரு பெரிய பாக்குக் கொட்டை அளவு இருக்கும். நீர் இறங்கும் குழாய் அதன் நடுவே புகுந்து வருகிறது. வயது ஏற ஏற இந்தச் சுரப்பி வீங்கும். அறுபது வயதில் பாதிப் பேருக்கு இந்த வீக்கம் உண்டு. பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மேல் யாராவது காலை வைத்தால் என்ன ஆகும்? அதுதான். முதலில் மூத்திரப்பை பலங்கொண்டு தள்ளும். நாளடைவில் அது தடித்து, பிறகு தளர்ந்துவிடும். மூக்கடைப்பைத் திறக்கும் சில சளி மருந்துகள் மூத்திரப்பையின் வாய்த்தசையை இறுக்கக் கூடியவை. வேறு சில சளி மருந்துகள் பையைச் சோரச் செய்துவிடும். ஏற்கெனவே பாதி அடைத்திருந்த குழாயை அந்த இரண்டு மாத்திரை முழுதாக மூடிவிட்டன. ஆகவே நம்மைப் போன்றவர்கள் மருந்துக் கடையில் சளி மாத்திரை கேட்கும்போது, இந்தத் தொந்தரவு இருக்கிறது என்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

சுரப்பி வீங்குவது புற்றுநோய் அல்ல, பிற்பாடு புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இதைக் கேட்டால் பலருக்குப் பாதி பயம் போய்விடும். ஆனால் ஒரே சுரப்பியில் இரண்டும் தனித்தனியே வரலாம். புராஸ்டேட் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் காட்டாது. அதனால்தான் நம் நாட்டில் பெரும்பாலோருக்கு அது முற்றிய பிறகே தெரிய வருகிறது. தகப்பனாருக்கோ உடன்பிறந்தவருக்கோ அந்த நோய் இருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் நாற்பத்தைந்து வயதிலேயே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

வார்டில் படுத்திருந்தபோது ஒரு டாக்டர் என்னிடம் வரிசையாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனார். அதில் ஒன்று, "எப்போதாவது சிறுநீரில் இரத்தம் கண்டதுண்டா? ஒரே ஒரு தடவையாவது?" என்பது. எனக்கு இல்லை என்றேன். சொல்லும்போதே என் நெஞ்சில் சுருக்கென்றது. "ஒரு தடவை வந்து, வலியில்லாமல், தானாக நின்றுபோனால்?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "வலியில்லாமல் வருவதுதான் எங்களுக்குக் கவலை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே நண்பரைப் பார்க்கப் போனேன். வெளியே வராந்தாவில் உட்கார்ந்து கேட்டேன். முதல் தடவைக்குப் பிறகு இன்னும் மூன்று தடவை வந்திருக்கிறது. கடைசித் தடவை கட்டி கட்டியாக. ஒவ்வொரு முறையும் இளநீர் குடித்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் நின்றிருக்கிறது. மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. அந்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன். சிறு கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். மூத்திரப்பையில் புற்றுநோய். உட்சவ்வைத் தாண்டித் தசைக்குள் இறங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர். மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைதான் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. நுரையீரலை மட்டும்தான் அது கெடுக்கும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். சிகிச்சை எல்லாம் செய்தார்கள். 2024ஆம் ஆண்டு ஆடி மாதம் காலமானார்.

அந்த இளநீர் விஷயத்தை அவர் ஒருநாளும் என்னிடம் எடுத்துப் பேசவில்லை. அவருடைய துணைவியார் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். இத்தனை நாள் அவரிடம் நான் சொல்லவில்லை. இதை மேடையில் பேசுவதற்கு முன் அவர் காதில் போட வேண்டும் என்று நேற்று மாலை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களிடமாவது சொன்னாரே, என்னிடம் அதுவும் சொல்லவில்லையே, வாத்தியார்" என்றார். பிறகு, "பேசுங்கள்" என்றார்.

நம்மிடம் சூடு, நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு என்று சில வார்த்தைகள் இருக்கின்றன. நம் பாட்டிமார் கொடுத்த வார்த்தைகள், குறை சொல்ல மாட்டேன். வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காதவனுக்கு இளநீரும் பார்லித் தண்ணீரும் நல்லதுதான். ஆனால் இரத்தத்துக்கு இந்தப் பெயர்களை வைக்கக் கூடாது. பீட்ரூட், டிராகன் பழம், சில மருந்துகள் நிறத்தை மாற்றும், உண்மை. அது பழமா இரத்தமா என்று ஒரு சிறு புட்டியில் பிடித்துக் கிளினிக்கில் கொடுத்தால் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். இரத்தம் என்றால் எல்லாமே புற்றுநோய் என்று நான் பயமுறுத்தவில்லை. கல் இருக்கலாம், கிருமி இருக்கலாம், சுரப்பி வீக்கமாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். கோப்பிக் கடை வாத்தியார் அல்ல. நின்றுபோனாலும் போக வேண்டும். நின்றுபோவதுதான் ஏமாற்றுகிறது.

பெரிய மனிதர்களும் இதில் நம்மைப் போலத்தான். அமெரிக்காவின் தற்காப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின், 2023 டிசம்பரில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டார். கிருமி தொற்றி 2024 ஜனவரி முதல் தேதி மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் படுத்திருப்பது சில நாட்கள் அதிபருக்கே தெரியாது. பிறகு நாட்டுக்கு முன்னால் நின்று வருத்தம் தெரிவித்தார். அவ்வளவு பெரிய படைக்கு அமைச்சர், இந்த ஒரு சங்கதியைச் சொல்லக் கூசினார்! அதே ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் சார்லஸ், எனக்குப் புராஸ்டேட் வீக்கம், சிகிச்சைக்குப் போகிறேன் என்று அரண்மனை மூலம் வெளிப்படையாக அறிவித்தார். மற்ற ஆண்களும் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார். அங்கே அந்த நோயைப் பற்றித் தேடிப் படித்தவர்கள் தொகை பல மடங்கு கூடியதாம்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். பெரியாரின் கடைசி ஆண்டுகளைப் படம் பார்த்தவர்களும் நேரில் கண்டவர்களும் அறிவார்கள். கோயில் விழாவில் அவர் பேச்சா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கொள்கை வேறு, உடம்பு வேறு. உடம்பு ஆத்திகம் நாத்திகம் பார்க்காது. சிறுநீர் இறங்கக் குழாய் பொருத்திக்கொண்டு, அதற்கான கலத்தையும் கூடவே வைத்துக்கொண்டு, தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1973 டிசம்பர் 19ஆம் தேதி சென்னை தியாகராய நகரில் பேசியது கடைசிக் கூட்டம். ஐந்து நாளில் வேலூர் மருத்துவமனையில் காலமானார். ஆயிரக்கணக்கானோர் பார்க்க அந்தக் குழாயோடு மேடையில் உட்கார்ந்தவருக்குக் கூச்சமில்லை. ஒரு டாக்டர் முன்னால் ஒரு நிமிடம் வேட்டியைத் தளர்த்த நமக்குக் கூச்சம்.

சரி, எப்போது போக வேண்டும்? ஒரு சொட்டும் இறங்காமல் அடிவயிறு வலித்தால் அன்றைக்கே, அந்த மணியிலேயே போக வேண்டும். விடியட்டும், பூஜை முடியட்டும் என்று இருக்கக் கூடாது. எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலும், இடுப்புக்கு மேல் விலாப்பக்கம் வலியும் காய்ச்சலும் சேர்ந்தாலும் அப்படியே. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தக் கிருமி சீக்கிரம் இரத்தத்தில் ஏறிவிடும். கால் மரத்துப்போய், நீரும் கட்டிக்கொண்டால் முதுகுத்தண்டில் கோளாறு இருக்கலாம், அதுவும் அவசரம். இரத்தம் என்றால், கட்டி கட்டியாக வந்தால் உடனே. லேசாக ஒரு முறை வந்து நின்றாலும் அந்த வாரத்துக்குள்.

பேரப்பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பதின்ம வயதுப் பையன் திடீரென்று விரையில் கடும் வலி என்று துடித்தால், பந்து பட்டிருக்கும், எண்ணெய் தடவு என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். பையன்கள் வெட்கப்பட்டு வயிற்று வலி என்றுதான் சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள். இருபது, முப்பது வயதுப் பிள்ளைகளுக்கு வலியில்லாத கட்டி தென்பட்டால் அதையும் காட்ட வேண்டும். இளைஞர்களுக்கு வரும் புற்றுநோய்களில் அது ஒன்று. காலத்தில் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

இவ்வளவு அவசரமில்லாதவைதாம் நம்மில் பெரும்பாலோருக்கு. இரவில் இரண்டு மூன்று முறை எழுவது, நூல் போல இறங்குவது, முக்க வேண்டியிருப்பது, சொட்டுவது. இவற்றுக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு நாள் ஒதுக்கிப் போனால் போதும். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். தூக்கத்தில் வேட்டி நனைந்தால், "கிழவன் கட்டுப்பாடு இழந்துவிட்டான்" என்று நினைக்காதீர்கள். மூத்திரப்பை காலியாகவே இல்லாமல் நிரம்பி வழிவதாக இருக்கலாம். இதில் வலி இருக்காது, சிறுநீரகம் மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். இது காத்திருக்கக் கூடாத விஷயம். தாய்மார்களே, துணி துவைக்கிறவர்கள் நீங்கள், முதலில் தெரிவது உங்களுக்குத்தான். கேலி செய்யாமல், கோபிக்காமல், கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

அடிக்கடி போவதெல்லாம் புராஸ்டேட் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் நிறைய இறங்கி, தாகமும் இருந்தால் அது சர்க்கரையாக இருக்கலாம். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மண்டபத்தில் ஒரு வரிசைக்கு மூன்றில் ஒருவர்! பாதிப் பேருக்கு அது தெரியாமலேயே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அவசரம் அவசரமாக இறங்கினால் அது வேறு. எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு பயிற்சிப் புத்தகமும் ஓர் அளவுக் குவளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு, எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு இறங்கியது, என்ன குடித்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் புத்தகத்தோடு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். நான் கோடு போட்டு, சிவப்பு மசியில் மொத்தம் எழுதிக் கொண்டு போனேன். தாதிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

உலகெங்கும் டாக்டர்கள் கேட்கும் ஏழு கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 35. ஏழு வரை லேசான தொந்தரவு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20உம் அதற்கு மேலும் கடுமை. அதிகப் புள்ளி வாங்கினால் தோல்வி என்கிற பரீட்சையை என் வாழ்நாளில் இதில்தான் கண்டேன். நான் 24 வாங்கினேன்.

டாக்டர் என்ன செய்வார் என்ற பயமும் பலருக்கு. சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தம், வயிற்றில் ஒரு ஸ்கேன். கையுறை போட்டு ஆசனவாயில் விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார், ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குப் பயந்து ஐந்து ஆண்டு ஒளிந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையில் எண் கூடியிருந்தால் உடனே புற்றுநோய் என்று அழ வேண்டாம். வீக்கத்தாலும் கிருமியாலும் அது கூடும். பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். ஒருவகை மாத்திரை தசையைத் தளர்த்தும், சில நாட்களில் பலன் தெரியும். மற்றொன்று சுரப்பியைச் சுருக்கும், அதற்கு ஆறு மாதமாவது பொறுமை வேண்டும். முதல்வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றலாம். சந்நிதியில் விழுந்து கும்பிட்டால் மெதுவாக எழுந்திருங்கள். கண்ணில் புரை எடுக்கும் அறுவைக்குப் போகும்போதும் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எனக்கு மாத்திரை போதவில்லை. வெளியே வெட்டாமல் குழாய் வழியாகவே சுரப்பியைச் சுரண்டி எடுத்தார்கள். சில நாளில் வீடு வந்தேன். இப்போது இரவில் ஒரு முறைதான். மெய்யாகச் சொல்கிறேன், தூக்கம் என்றால் என்ன என்பதையே மறந்திருந்தேன்.

தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இன்னொன்றையும் தொட்டுவிட்டுப் போகிறேன். கணவன் மனைவி உறவில் ஆணுக்குத் தளர்ச்சி வந்தால், அது இரத்தக் குழாய் அடைப்பின் முதல் அடையாளமாக இருக்கலாம், நெஞ்சு வலிக்குச் சில ஆண்டுகள் முன்னாலேயே வரலாம். அதை டாக்டரிடம் சொல்லாமல், இரவுச் சந்தையில் விற்கும் "ஆண்மைக் கோப்பி", தேன் என்று வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட பொருட்களில் ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொள்கிறவர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. மருந்து என்று சொல்லி எதை விற்றாலும் "மால்" எண்ணும் பளபளக்கும் முத்திரை வில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அரசாங்கப் பென்ஷன்காரர்களுக்கு அதுவும் இல்லை. தேவையென்றால் அவர்களே கடிதம் எழுதி நிபுணரிடம் அனுப்புவார்கள். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையிலும், செலாயாங்கிலும், பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறுநீரியல் பிரிவு இருக்கிறது. காத்திருக்கும் நாள் அதிகம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் முற்றுவதற்கு முன் வரிசையில் சேர வேண்டும் என்கிறேன். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க உதவித்தொகை பெறும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தமும் சிறுநீரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். தகுதி இருந்தும் போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

கடைசியாக நன்கொடையாளர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் ஆலயக் கழிவறை மண்டபத்துக்குப் பின்னால், ஒன்பது படி இறங்கிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. இரவு விழாக்களில் பெரியவர்கள் பலர் அர்ச்சனை முடிந்ததும் கிளம்பிவிடுவதற்கும், சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்து உட்காருவதற்கும் அதுதான் காரணம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். மண்டபத்தை ஒட்டியே, படி இல்லாமல், கைப்பிடிக் கம்பியோடு இரண்டு கழிவறை கட்டச் செயலவை தீர்மானித்திருக்கிறது. விமானத்துக்கும் மணிக்கும் பெயர் பொறித்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. கழிவறைக்கு யார் பெயர் கொடுப்பார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி என் பங்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இடம் இன்னும் இருக்கிறது.

அந்த ஏழு கேள்விகளையும் தமிழில் எழுதி நகல் எடுத்து, வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். பென்சிலும் இருக்கிறது. பெயர் எழுத வேண்டியதில்லை, வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். அன்னதானம் முடியும்வரை நான் அந்த மேசையருகில்தான் உட்கார்ந்திருப்பேன்.